இரண்டு கிரெடிட் தாள்தானே என்று விட்டால் டிகிரி நிற்கும்

மேஜர் தாள்கள் அத்தனையும் தேறி, முதல் வகுப்பு மதிப்பெண்ணும் வைத்துக்கொண்டு, புரொவிஷனல் சான்றிதழ் வாங்க முடியாமல் நிற்கும் மாணவர்கள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. முதலாமாண்டில் விட்ட ஒரு என்.எம்.இ. (மேஜர் அல்லாத விருப்பப் பாடம்) அல்லது ஈ.வி.எஸ். (சுற்றுச்சூழல் கல்வி) தாள் அரியராகக் கிடக்கும்.

தமிழகக் கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் படிப்பு ஐந்து பகுதிகள் கொண்டது. பார்ட் 1 தமிழ் அல்லது வேறு மொழி, பார்ட் 2 ஆங்கிலம், பார்ட் 3 மேஜரும் அலைடும் (துணைப் பாடம்). ஈ.வி.எஸ்., வேல்யூ எஜுகேஷன், என்.எம்.இ. போன்றவை பார்ட் 4. என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு பார்ட் 5. ஒவ்வொரு தாளுக்கும் இத்தனை கிரெடிட் என்று எடை உண்டு; பெரும்பாலும் மொத்தம் 140 கிரெடிட். பார்ட் 3-ஐ வைத்துத்தானே கிளாஸ் போடுகிறார்கள் என்று மாணவர்கள் சொல்வது பல இடங்களில் உண்மைதான். ஆனால் கிளாஸ் வேறு, டிகிரிக்குத் தகுதி வேறு. 140-இல் ஒரு கிரெடிட் குறைந்தாலும் தகுதி இல்லை.

இந்தத் தாள்களில் அதிகம் பேர் சறுக்குவது மதிப்பெண் கணக்கில். வழக்கமான முறை இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75. மொத்தத்தில் 40 வேண்டும். அதோடு எக்ஸ்டர்னலில் மட்டும் தனியாக 30 வேண்டும். இன்டர்னலில் 22, எக்ஸ்டர்னலில் 28 என்றால் கூட்டினால் 50, ஆனாலும் ஃபெயில். இன்டர்னல் நன்றாக இருக்கிறதே என்று பரீட்சைக்கு முந்தின இரவு மட்டும் புரட்டுகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். தன்னாட்சிக் கல்லூரிகளில் விகிதம் மாறும். ரெகுலேஷன் பக்கத்தை முதல் வாரமே படித்துவிடுங்கள்.

அடுத்தது மொழி. மதிப்பெண் எளிதாக வரும் என்று பார்ட் 1-இல் பிரெஞ்சோ இந்தியோ எடுப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் படித்தவர் அப்படி எடுத்தால், பார்ட் 4-இல் என்.எம்.இ.க்குப் பதிலாகச் சிறப்புத் தமிழ் இரண்டு தாள் எழுத வேண்டும். தமிழே படிக்காதவருக்கு அடிப்படைத் தமிழ், ஆறாம் வகுப்புத் தரத்தில். இது தெரியாமல் தோழர்களோடு சேர்ந்து என்.எம்.இ. வகுப்பில் உட்கார்ந்து தேறினாலும், தமிழ்த் தாள் பாக்கிதான். சேர்க்கைக்கு முன்பே துறையில் கேட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஈ.வி.எஸ். எல்லா இளநிலைப் படிப்பிலும் இருப்பதற்குக் காரணம் சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் அளித்த தீர்ப்பு. யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) வகுத்த பாடத்தில் எட்டு அலகுகள். கடைசி அலகு களப்பணி. ‘மரம் வளர்ப்போம், மாசு தவிர்ப்போம்’ என்று பொதுவாக எழுதும் விடைக்கு மதிப்பெண் வராது. சட்டத்தை ஆண்டோடு எழுதுங்கள்: வனவிலங்குப் பாதுகாப்பு 1972, நீர் மாசு 1974, காற்று மாசு 1981, சுற்றுச்சூழல் பாதுகாப்பு 1986. நீர் மாசுக்கு நொய்யலில் கலந்த திருப்பூர்ச் சாயக்கழிவையோ பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைக் கழிவையோ காட்டினால் விடைக்கு உடம்பு வரும். களப்பணி அறிக்கையைத் தோழனிடமிருந்து நகல் எடுத்தால் இன்டர்னலில் அடி விழும், அவ்வளவுதான்.

பார்ட் 1 தமிழையும் தேறினால் போதும் என்று விடாதீர்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-இல் தமிழ்ப் பகுதியின் 150-இல் 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்துவதே இல்லை.

பார்ட் 5-க்குப் பரீட்சை கிடையாது, வருகைதான் கணக்கு. என்.எஸ்.எஸ். என்றால் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம். முகாமைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டு முகாமுக்குக் காத்திருக்க வேண்டும்.

அரியர் கட்டும்போது தாளின் பெயரை நம்பாதீர்கள், குறியீட்டைப் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு துறைகள் என்.எம்.இ. நடத்துவதுண்டு, பாடத்திட்டம் மாறினால் குறியீடும் மாறும். பழைய பாடத்தில் எழுதக் கால வரம்பும் இருக்கிறது. ஹால் டிக்கெட் வந்ததும் குறியீடு, தேதி, காலையா பிற்பகலா என்ற மூன்றையும் பழைய மதிப்பெண் பட்டியலோடு ஒப்பிட்டு, தவறு இருந்தால் அன்றே தேர்வுப் பிரிவில் எழுதிக் கொடுங்கள்.