பத்துச் சின்ன வெங்காயம் ஒரு பெரிய வெங்காயம் ஆகுமா?

சின்ன வெங்காயம் விலை ஏறிவிட்டால் வேலூர் வீடுகளில் சாம்பாருக்கும் பெரிய வெங்காயம்தான். குட்டி யானையில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாக விற்றுப்போவதும் அதைத்தான். மாற்றிப் போடலாம், தப்பில்லை. எண்ணிப் போடுவதில்தான் தப்பு வருகிறது. நடுத்தரப் பெரிய வெங்காயம் ஒன்று ஏறக்குறைய 100 கிராம். உரித்த சின்ன வெங்காயம் ஒன்று 6 முதல் 10 கிராம். எடைக்கு எடை பத்து முதல் பதினாறு சின்னது ஒரு பெரியதுக்குச் சரி. சட்டியில் அந்தக் கணக்கு நிற்காது. பெரியதில் நீர் அதிகம், காரம் குறைவு. சின்னது குழம்பில் கொதித்தாலும் முழுசாக நிற்கும். பெரியது இதழ் இதழாகக் கழன்று கரைந்துவிடும்.

சாம்பாரில் 200 கிராம் சின்ன வெங்காயத்துக்குப் பதில் பெரியது போடுவதானால் 250 கிராம் எடுங்கள். வேர்ப்பக்கத்து அடித்தட்டைச் சீவி எறியாமல், அதோடு சேர்த்து நீளவாக்கில் ஆறு எட்டுத் துண்டாகப் பிளந்தால் இதழ்கள் பிடிப்போடு இருக்கும். எண்ணெயில் நீர் வற்றி ஓரம் சிவக்கும்வரை வதக்கிப் பிறகு புளித்தண்ணீர் ஊற்றுங்கள். வதக்காமல் பருப்போடு குக்கரில் போட்டால் சாம்பார் நீர்த்து, சப்பென்று இனிக்கும். வற்றல் குழம்புக்கு மட்டும் மாற்ற வேண்டாம் என்போம். மூன்று நாள் வைத்துச் சாப்பிடும் குழம்பில் பெரிய வெங்காயத்தின் நீர் ருசியையும் கெடுக்கும், ஆயுளையும் குறைக்கும்.

மாற்றவே கூடாத இடம் தாளிப்பு வடகம். கத்திரி வெயிலில் வடகம் போடாத மொட்டைமாடி நம் பக்கத்தில் குறைவு. வேலூரை வெயிலூர் என்று கிண்டல் செய்பவர்கள் அந்த வெயிலின் இந்த ஒரு நன்மையை விட்டுவிடுகிறார்கள். 1 கிலோ உரித்த சின்ன வெங்காயத்துக்கு 200 கிராம் பூண்டு, ஊறவைத்த தோல் உளுந்து 100 கிராம், கடுகும் சீரகமும் 50 கிராம் வீதம், வெந்தயம் 25 கிராம், மஞ்சள்தூள் ஒரு மேசைக்கரண்டி, கல்லுப்பு 60 கிராம், இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை. வெங்காயத்தையும் பூண்டையும் உரலில் ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். மிக்சி என்றால் இரண்டு சுற்று, அதுவும் விட்டு விட்டு. மையாக அரைந்தால் உருண்டை பிடிக்காது, உள்ளே காயவும் காயாது.

கலந்த அன்றிரவு மூடி வைத்தால் மறுநாள் அடியில் நீர் நிற்கும். அதைக் கொட்டிவிடாதீர்கள், உப்பும் மணமும் அதில்தான் இறங்கியிருக்கும். கலவையைப் பிழிந்து உதிர்த்துக் காயவைத்து, சாயங்காலம் மறுபடி அந்த நீரிலேயே போட்டுப் பிசைய வேண்டும். இரண்டு மூன்று நாளில் நீரெல்லாம் இழுத்துவிடும். அப்புறம் விளக்கெண்ணெய் தொட்டு எலுமிச்சை அளவு உருட்டி, ஏழு முதல் பத்து நாள் காயவிடுங்கள். உருண்டையைப் பிளந்தால் நடுவிலும் ஈரம் தெரியக் கூடாது. பூசணம் பிடிப்பது பெரும்பாலும் உள் ஈரத்தால்தான்: உருண்டை பெரிதாகப் போயிருக்கும், மேகமூட்ட நாளில் தொடங்கியிருப்பீர்கள், அல்லது காய்ந்த சூட்டோடு டப்பாவில் மூடியிருப்பீர்கள். பெரிய வெங்காயத்தில் போட்டால் இந்த மூன்றும் இல்லாமலே பூசணம் வரும். பூத்த உருண்டையைச் சுரண்டிவிட்டுப் பயன்படுத்தாதீர்கள், எறிந்துவிடுங்கள். நன்றாகக் காய்ந்த வடகம், வெங்காயம் விலையேறும் மாதங்களில் கீரைக் கடைசலுக்கும் கருவாட்டுக் குழம்புக்கும் வெங்காயம், பூண்டு இரண்டுக்குமே மாற்று. நாலு பேர் குழம்புக்கு அரை உருண்டை போதும்.

பிரியாணி பெரிய வெங்காயத்தின் ராஜ்ஜியம். ஆம்பூர், வாணியம்பாடி முறையில் வெங்காயம் பொன்னிறம் தாண்டிச் சிவக்க வேண்டும். அதற்கு மிதமான தீயில் 25 நிமிடமாவது ஆகும். ஐந்து நிமிடத்தில் சிவந்தால் ஓரம் கருகியிருக்கிறது, நடு பச்சையாக இருக்கிறது என்று பொருள். நீளவாக்கில் ஒரே கனத்தில் நறுக்குவதில்தான் பாதி வேலை. மசாலாவில் கரைய வேண்டுமானால் தொடக்கத்திலேயே உப்புப் போடுங்கள், நீர் விட்டுச் சீக்கிரம் குழையும். மேலே தூவ மொறுமொறுப்பாக வேண்டுமானால் உப்புப் போடக் கூடாது. பாக்கெட்டில் வரும் பொரித்த வெங்காயத்தைப் போடுபவர்கள், 1 கிலோ பச்சை வெங்காயம் பொரிந்தால் கால் கிலோ அளவுக்குத்தான் நிற்கும் என்பதை நினைவில் வைத்து அளக்கவும். பல பாக்கெட்டுகளில் மாவும் உப்பும் சேர்ந்திருக்கும். வெங்காயத்தைப் பச்சையாக மையாக அரைத்து ஊற்றுவது நேரத்தை மிச்சப்படுத்தும், ஆனால் கசக்கும், வதக்கிவிட்டு அரையுங்கள். தயிர்ப் பச்சடிக்கு நறுக்கிய வெங்காயமும் காலையில் நறுக்கி மதியம்வரை கிடந்தால் நெடி ஏறிவிடும்.

பூண்டுக்கு வருவோம். இங்கே எண்ணிக்கை இன்னும் மோசமாக ஏமாற்றும். நாட்டுப் பூண்டின் பல் ஒன்று 1 கிராம்கூட இருக்கும். வடக்கிலிருந்து வரும் பெரிய வெள்ளைப் பூண்டின் பல் 5 கிராமைத் தாண்டும். ‘பத்துப் பல் பூண்டு’ என்று எழுதும் சமையல் குறிப்புக்கு அர்த்தமே இல்லை. 1 கிலோ கறிக்கு 100 கிராம் உரித்த பூண்டு என்று எடையில் வைத்துக்கொள்ளுங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு என்றால் கால் பங்கு குறைத்துப் போட்டு ருசி பாருங்கள், காரமும் மணமும் அதில் தூக்கல். ஆனால் பூண்டுக் குழம்பில் முழுப்பல்லாக வேகவைக்க இந்த வீரியம் வீண். நசுக்கும்போதுதான் பல்லுக்குள் தனித்தனியாக இருக்கும் அல்லியினும் அல்லினேஸ் நொதியும் கலந்து, காரமும் நெடியும் தரும் அல்லிசின் உண்டாகிறது. முழுசாக வேகும்போது நொதி சூட்டில் செத்துவிடுகிறது, பல் வெண்ணெய்போல் இனிக்கிறது. குழம்புக்கு விலை குறைந்த பெரிய பல் பூண்டே போதும்.

நசுக்கிய பூண்டை வெங்காயம் சிவந்த பிறகு போடுங்கள். வெங்காயத்தில் நீர் 85 விழுக்காட்டை ஒட்டி. பூண்டில் 60ஐ ஒட்டித்தான். அதனால் முதலில் கருகுவது பூண்டு. கருகிய பூண்டின் கசப்பை எந்த மசாலாவும் மறைக்காது. பூண்டுப் பொடி என்றால் ஒரு நடுத்தரப் பல்லுக்கு எட்டில் ஒரு தேக்கரண்டி. தண்ணீரில் குழைத்து ஐந்து நிமிடம் வைத்துப் போட்டால்தான் மணம் எழும். நேராக எண்ணெயில் தூவினால் கருகும்.

அரைத்த பூண்டு விழுதிலோ ஊறுகாயிலோ நீலப்பச்சை ஏறினால் பதற வேண்டாம். பூண்டின் கந்தகச் சேர்மங்களும் அமினோ அமிலங்களும் எலுமிச்சை, வினிகர் புளிப்பில் வினைபுரிந்து உண்டாகும் நிறம் அது. குளிரில் நாள்பட இருந்த பூண்டில் அதிகம் வரும். சாப்பிடலாம்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. உரித்த பூண்டையோ விழுதையோ எண்ணெயில் மூழ்கவைத்து அடுப்படி அலமாரியில் வைப்பது. எண்ணெய் காற்றை அடைக்கும். பூண்டில் புளிப்பு இல்லை. அந்த இரண்டும் சேர்ந்த இடம், போட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சேற்றத்தை உண்டாக்கும் கிருமிக்குத் தோதானது. மண்ணிலிருந்து பூண்டோடு வரும் அதன் வித்துகள் கொதிக்கவைத்தாலும் சாவதில்லை. நஞ்சு உண்டானாலும் வாசனையோ ருசியோ மாறாமல் இருக்கலாம். 1985இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் எண்ணெயில் போட்ட பூண்டால் 36 பேர் பாதிக்கப்பட்டார்கள். பார்வை இரட்டையாகத் தெரிவது, இமை தொங்குவது, நாக்குக் குழறுவது, விழுங்க முடியாமல் போவது ஆகியவை அறிகுறிகள்; உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எண்ணெயில் போட்ட பூண்டை ஃபிரிட்ஜில் வைத்து நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். இஞ்சி பூண்டு விழுது அதிகமாக இருந்தால் ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். புளியும் உப்பும் தாராளமாகச் சேர்த்துக் காய்ச்சிய பூண்டு ஊறுகாய் வேறு வகை; புளிப்பு இந்தக் கிருமியை வளரவிடாது.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் தங்கிச் சமைத்துக்கொள்ளும் வெளியூர் நோயாளிகளுக்கும், இங்கேயே வயிற்று உப்புசத்தோடு வருபவர்களுக்கும் சில சமயம் ‘வெங்காயம் பூண்டு வேண்டாம்’ என்று எழுதித் தருவார்கள். குடல் எரிச்சல் நோயில் தொல்லை தருவது அவற்றிலுள்ள ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்து. அது நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. குழம்பில் முழுப்பூண்டு போட்டுக் கடைசியில் எடுத்துவிட்டேன் என்பது பயன்படாது, சத்து குழம்பில் இறங்கியிருக்கும். எண்ணெயில் நாலு பல்லைச் சிவக்க வறுத்து, பல்லை எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளிக்கலாம். அன்றன்றைக்கு வறுங்கள், சேர்த்து வைக்காதீர்கள். வெங்காய மணத்துக்கு வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியை மட்டும் நறுக்கிப் போடலாம், வெள்ளைக் குமிழ் கூடாது. பெருங்காயம் கால் தேக்கரண்டி எண்ணெயில் பொரிந்தால் இரண்டின் குறையும் பாதி தீரும். ஆனால் கடைப் பெருங்காயத்தில் கோந்தோடு கோதுமை மாவும் கலப்பது வழக்கம். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் அரிசி மாவு கலந்ததா என்று டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்கவும்.