எதிரே கடல் இருக்கிறது, தண்ணீரை அங்கே அள்ளாதீர்கள்

புதுச்சேரியில் பவளத் தொட்டி வைக்க விரும்பி என்னை அழைப்பவர்கள் முதலில் கேட்பது விலை. அடுத்து, "கடல்தான் கூப்பிடு தூரத்தில் இருக்கிறதே சார், தண்ணீருக்கு என்ன செலவு வந்துவிடப் போகிறது?" பெரிய கடல்மீன் தொட்டிகளை அமைத்துப் பராமரிப்பதே என் பிழைப்பு. கடல் பக்கத்தில் இருப்பதால் இந்தத் தொழிலில் ஒரு வசதியும் கிடையாது, தொல்லைதான் கூடுதல்.

பவளத்துக்கு வேண்டியது லிட்டருக்கு 35 கிராம் உப்பு, அதுவும் ஏறாமல் இறங்காமல். நம் கரையோர நீர் அப்படி இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சங்கராபரணியும் தென்பெண்ணையும் வண்டலை அடித்துக்கொண்டு வந்து கலக்கும்போது முகத்துவாரப் பக்கம் உப்பு சட்டென்று குறைந்துவிடும். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தை ஒட்டிப் படகு டீசல். கடலூரிலோ உப்பனாற்றங்கரையிலேயே சிப்காட் தொழிற்சாலைகள். இந்த நீரைக் கேனில் அள்ளிவந்து ஊற்றிவிட்டு, பவளம் ஏன் சுருங்குகிறது என்று என்னைக் கேட்பது நியாயமில்லை.

மரக்காணம் உப்பை வாங்கிக் கரைத்துவிடலாமே என்கிறவர்களும் உண்டு. நல்ல கேள்விதான். உப்பளத்தில் கடல்நீர் சுண்டச் சுண்ட, கால்சியத்தில் பெரும்பங்கு ஜிப்சமாக முன்னதாகவே படிந்துவிடுகிறது. பிறகுதான் சோடியம் குளோரைடு உறைகிறது. மக்னீசியமோ கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு வடிந்து போகிறது. குழம்புக்கு அந்த உப்பு போதும். பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டுவது கால்சியத்தைக் கொண்டு, அதற்குப் போதாது. தொட்டிக்கென்று தயாரிக்கப்படும் உப்புக் கலவையைத்தான் வாங்க வேண்டும். அதைக் கரைக்கும் நன்னீருக்கும் இதே கண்டிப்பு: கடலோர ஆழ்குழாய்க் கிணறுகளில் உவர் ஏறி வருவதால், ஆர்.ஓ.வோடு, மிச்ச அயனிகளையும் நீக்கும் டி.ஐ. வடிகட்டியும் சேர்த்து, நீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டும் வரை வடிகட்டித்தான் ஆக வேண்டும். நாள்தோறும் தொட்டியிலிருந்து ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்கிவிடும். குறைந்த அளவுக்கு நன்னீர்தான் சேர்க்க வேண்டும். அதை உப்பு நீரால் நிரப்பி வருகிறவர்களை நான் வாடிக்கையாகப் பார்க்கிறேன்.

எடையைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத் தொட்டியில் தண்ணீரே சுமார் 680 லிட்டர். கண்ணாடி, கல், மணல், ஸ்டாண்டு, அடியில் சம்ப் (மீன் தொட்டி நீர் இறங்கி வடிகட்டப்பட்டு, பம்பால் திரும்ப மேலேறும் கீழ்த்தொட்டி) என்று கூட்டினால் ஒரு டன்னைத் தொடும். அத்தனையும் 12 சதுர அடியில், அதாவது சுமார் 1.1 சதுர மீட்டரில். வீட்டுத் தளங்களுக்கு வழக்கமாகக் கணக்கிடும் சுமை சதுர மீட்டருக்கு 200 கிலோ. பிரெஞ்சுக்காரர் காலத்து வீடுகளில் தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய மாடிகள் இருக்கின்றன. பார்க்க அழகு. கட்டடப் பொறியாளர் எழுத்தில் சொல்லாமல் அந்த மாடிகளில் நான் தொட்டி வைப்பதில்லை.

நீரின் வெப்பம் 25, 26 டிகிரியில் நிற்க வேண்டும். 30 டிகிரியில் சில நாள் தங்கினாலே பவளத்தின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெளியேறி, பவளம் வெளுக்கத் தொடங்கலாம். மின்விசிறி வைத்தால் போதாதா என்றால், நம் ஊர்ப் புழுக்கத்தில் நீர் ஆவியாவதே மந்தம். கத்திரி வெயிலில் அது கைகொடுக்காது. நீரைக் குளிர்விக்கும் சில்லர் வேண்டும். அதை ஸ்டாண்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடாதீர்கள். தான் கக்கிய சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டு ஓயாமல் ஓடும்.

கிரகப்பிரவேசத்துக்குள் மீன் ஓட வேண்டும் என்று அவசரப்படுத்துகிறவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா தொட்டிக்குள் அடுக்கும் கல்லில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். பாக்டீரியாவுக்கு நல்ல நேரம் தெரியாது.

கல்லுக்கு வருவோம். "ராமேஸ்வரம் பக்கத்துக் கல், சல்லிசு விலை" என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். கல்பவளங்கள் அனைத்தும், கடல் விசிறியும்கூட, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்துக் காய்ந்த துண்டுக்கும் இது பொருந்தும். தண்டனை 3 முதல் 7 ஆண்டு சிறை. நான் செராமிக் கல்லைத்தான் பயன்படுத்துகிறேன். ஆவணம் இல்லாத பவளத்தைத் தொடுவதில்லை. மீனிலும் பொரிப்பகத்தில் பிறந்ததையே கேளுங்கள். கோமாளி மீனைப் பொரிக்க வைக்கும் வித்தை பரங்கிப்பேட்டையிலும் மண்டபத்திலும் உள்ள ஆய்வு மையங்கள் கைகண்டது.

இன்னொரு ஆபத்து விற்பவர்களுக்கே சரியாகத் தெரிவதில்லை. கல்லின் மேல் பட்டன் போல் கொத்தாக வளரும் சோவாந்திட் என்ற பவள உறவினங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று கொதிக்கும் நீரில் போட்டால் அது ஆவியோடு மூச்சில் ஏறும். காய்ச்சல், மூச்சுத்திணறல், நாக்கில் உலோகச் சுவை எல்லாம் வரும். வீட்டில் இருப்பவர் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வரலாம். மருத்துவரிடம் நஞ்சின் பெயரைச் சொல்லுங்கள். வெறும் கையால் தேய்ப்பதும் கூடாது.

கடைசியாக மின்சாரம். தெறித்த துளிகள் காய்ந்து வயரின் மேல் உப்புப் பூக்கும். ஈரம் பட்டால் அது மின்சாரத்தைக் கடத்தும். மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத இணைப்பில் கையை நீருக்குள் விடாதீர்கள். வயர் பிளக்குக்கு ஏறும் முன் ஒரு முறை தாழத் தொங்கி வளையட்டும், வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறிய பிறகு, கடலூர், புதுச்சேரி சுற்றுவட்டாரத்தில் பல இடங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2024-இல் ஃபெஞ்சல். மின்சாரம் போனால் விளக்கையும் சில்லரையும் மறந்துவிடுங்கள். நீர் அசையாவிட்டால் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் தீரும். தொட்டிக்குள் நீரை அசைக்கும் 20 வாட் அலை பம்ப் ஒன்றை மட்டும் வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்தால் ஒரு நாளைத் தாண்டியும் ஓடும். சம்பிலிருந்து நீரை ஏற்றும் பம்ப் நின்றதும், மேலே உள்ள மீன் தொட்டியின் நீர் கொஞ்சம் குழாய் வழியே சம்புக்கு இறங்கும். அதைத் தாங்க சம்பில் இடம் காலியாக இருக்க வேண்டும். தொட்டியை ஒப்படைக்கும் அன்று, மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன், அமைத்தவர் எதிரிலேயே மெயின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தரையைப் பாருங்கள்.