காவிரிப் பாறையும் கிப்சோகேயின் முதுகும்

பென்னாகரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருக்கும் நண்பர் போன வாரம் போன் செய்தார். மாலையில் 1500 மீட்டர் ஓடும் பிள்ளைகளை உட்கார வைத்து, தன் செல்போனில் வியன்னா ஓட்டத்தைக் காட்டியிருக்கிறார். 2019-ல் கென்ய ஓட்டக்காரர் எலியுட் கிப்சோகே இரண்டு மணி நேரத்துக்குள் மாரத்தான் தூரத்தை முடித்தாரே, அதுதான். பார்த்து முடித்ததும் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டிருக்கிறாள்: "சார், அவரைச் சுத்தி ஏழு பேரு ஓடறாங்க. யாரும் அவரைத் தொடவே இல்ல. அப்புறம் அதனால அவருக்கு என்ன லாபம்?"

"காத்தைத் தடுக்கறாங்கம்மா" என்று நண்பர் சொல்லிப் பார்த்தார். அவள் விடவில்லை. "காத்து என்ன சார், சுவரா?"

நல்ல கேள்வி. நண்பரால் சமாளிக்க முடியவில்லை, என்னிடம் தள்ளிவிட்டார்.

முதலில் வேகம் எவ்வளவு என்று பார்த்துவிடலாம். மாரத்தான் தூரம் 42.195 கி.மீ. தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஏறத்தாழ அவ்வளவுதான், கொஞ்சம் கூட வரும். இரண்டு மணி நேரத்தில் அதை முடிக்க வேண்டுமென்றால் ஒரு கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 50 வினாடி. நம் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்பு போட்டு வரையும் 200 மீட்டர் வட்டத்தில் ஒரு சுற்றுக்கு 34 வினாடி. அப்படி 211 சுற்று. பிள்ளைகளில் வேகமானவர்கள் முதல் சுற்றைச் சமாளித்துவிடுவார்கள். இரண்டாவது, மூன்றாவதுகூட. மிச்சம் இருநூற்றுச் சொச்சம்.

இது முடியும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டியவர் மைக்கேல் ஜாய்னர் என்ற அமெரிக்க உடலியல் மருத்துவர். 1991-ல், உலக சாதனை 2:06:50 ஆக இருந்தபோது, மனித உடல் 1:57:58 வரை போகலாம் என்று எழுதினார். அன்றைக்கு அதைப் படித்தவர்கள் பலர் சிரித்திருப்பார்கள். 2017 மே 6 அன்று நைக்கி நிறுவனம் இத்தாலியின் மொன்சா கார் பந்தயத் தளத்தில் கிப்சோகேயை ஓடவிட்டது. 2:00:25. இருபத்தாறு வினாடியில் போயிற்று. 2019 அக்டோபர் 12, வியன்னாவின் பிராட்டர் பூங்காச் சாலையில் மறுபடி முயன்றார். 1:59:40.

இந்த இரண்டு ஓட்டங்களும் அதிகாரப்பூர்வ சாதனைகள் அல்ல. மற்றவர்கள் கலந்துகொள்ளும் போட்டியாக அவை நடக்கவில்லை. வேகம் காட்டி ஓடுபவர்கள் நடுவில் ஆள் மாற்றிக்கொண்டார்கள், குடிக்கத் தண்ணீர் சைக்கிளில் வந்தது. விதிப்படி இவையெல்லாம் கூடாது. என்னைக் கேட்டால், இதை ஒரு பந்தயமாகப் பார்ப்பதைவிடப் பெரிய ஆய்வுக்கூடச் சோதனையாகப் பார்ப்பதே சரி. ஆய்வுக்கூடத்துக்குக் கூரை இல்லை, அவ்வளவுதான்.

செருப்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். காலணியின் அடியில் இருக்கும் புதுவகை நுரை, மிதிக்கும்போது வாங்கிக்கொள்ளும் ஆற்றலில் சுமார் 87 சதவீதத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. பழைய நுரைகளில் அது 65, 75 என்றுதான் இருந்தது. இலவம்பஞ்சு மெத்தையில் குதிப்பதற்கும் கயிற்றுக் கட்டிலில் குதிப்பதற்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தில் அளந்தபோது, அதே வேகத்தில் ஓட ஆகும் ஆற்றல் சராசரியாக 4 சதவீதம் குறைந்தது. உள்ளே இருக்கும் கார்பன் தகடுதான் ஸ்பிரிங் மாதிரி தூக்கி எறிகிறது என்று பலர் நம்புகிறார்கள். தகட்டைக் குறுக்கே அறுத்துவிட்டு ஓடவிட்டுப் பார்த்தார்கள், பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. வேலையில் பெரும்பங்கு நுரையுடையது. 2020-ல் உலகத் தடகள அமைப்பு, சாலை ஓட்டத்துக்கு அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, ஒரு தகடுக்கு மேல் வைக்கக் கூடாது என்று வரம்பு கட்டியது. சரி, செருப்பு போதும். அந்தப் பெண் கேட்டது காற்றை.

ஒகேனக்கலில் பரிசல் போகும் இடத்தில், ஓடும் தண்ணீருக்கு நடுவே தலை நீட்டிக்கொண்டிருக்கும் பாறை ஒன்றைக் கொஞ்ச நேரம் பாருங்கள். முன்பக்கம் தண்ணீர் மோதி, பாறையின் மேல் ஏறி நிற்கும். பின்பக்கம் மட்டம் இறங்கி ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அந்தப் பள்ளத்தில் மிதக்கும் சுள்ளியையும் நுரையையும் கவனியுங்கள், ஆற்றோடு போகாது. திரும்பி, பாறையை நோக்கியே சுழன்று வரும். முன்னால் மேடு, பின்னால் பள்ளம். மேடு இருக்கும் இடத்தில் அழுத்தம் அதிகம், பள்ளத்தில் குறைவு. இந்த வித்தியாசம்தான் பாறையை ஆறு ஓடும் திசையில் தள்ளுகிறது. நாம் எல்லாரும் முன்னால் மோதுவதை மட்டும் பார்க்கிறோம். பின்னால் இருக்கும் பள்ளம் சத்தமில்லாமல் பிடித்து இழுக்கிறது.

ஓடும் மனிதனும் பாறைதான். ஆறு ஓடுவதற்குப் பதில் பாறை ஓடுகிறது. காற்றுக்குக் கண்ணுக்குத் தெரியும் மட்டம் இல்லை என்பதால் மேடும் பள்ளமும் நமக்குத் தெரிவதில்லை. நெஞ்சில் அழுத்தம் கூடுகிறது, முதுகுக்குப் பின்னால் குறைகிறது, அங்கே காற்று சுழன்றுகொண்டு பின்தொடர்கிறது. தொப்பூர் கணவாயில் லாரி நம்மைக் கடந்து போனதும் சருகும் காகிதமும் லாரியின் பின்னாலேயே ஓடுமே, அது அந்தச் சுழல்தான். (அதை ருசி பார்க்க டூ வீலரில் லாரியை ஒட்டிப் போகாதீர்கள். கல்லூரி நாட்களில் நான் போயிருக்கிறேன். லாரி பிரேக் போட்ட நொடியில் இயற்பியல் முழுக்க மறந்துவிட்டது.)

எவ்வளவு தடுக்கிறது? இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. நான் தோராயமாகப் போட்ட கணக்கு இது: கிருஷ்ணகிரி அணைப் பக்கம் காலையில் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடப்பவரைக் காற்று தடுக்கும் விசை, ஒரு கோழி முட்டையின் எடை. அவருக்கு அது தெரியவே தெரியாது. மணிக்கு 21 கி.மீ. போகும் கிப்சோகேவுக்கு அதே விசை ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் எடை. இடுப்பில் ஒரு கயிறு கட்டி, அதைப் பின்னால் ஒரு கிணற்று உருளை வழியாக விட்டு, மறுமுனையில் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டது போல. இரண்டு மணி நேரமும் அதை இழுத்துக்கொண்டே ஓட வேண்டும். சுவர் இல்லைதான் அம்மா, ஆனால் பாட்டில்.

இப்போது ஆற்றில் முதல் பாறைக்குப் பின்னால் இன்னொரு பாறையை வையுங்கள். அது அமைதியான சுழலில் இருக்கிறது, அதன்மேல் மோத வரும் தண்ணீர் குறைவு. பின்னால் ஓடுபவருக்கு லாபம் என்பது இதுவரை எல்லாருக்கும் தெரியும். தெரியாதது இன்னொன்று: இரண்டாவது பாறை வந்ததும் முதல் பாறையின் பின்னால் இருந்த பள்ளமும் கொஞ்சம் நிரம்புகிறது. அதனால் முன்னால் இருப்பவரைப் பின்னுக்கு இழுக்கும் இழுவையும் சற்றுக் குறைகிறது. பின்னால் வருபவர் சும்மா வந்தாலே முன்னால் ஓடுபவருக்கு உதவி!

வியன்னாவில் கிப்சோகேவுக்குப் பின்னால் இரண்டு பேர் ஓடியது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். அவர்கள் எந்தக் காற்றையும் தடுக்கவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த பள்ளத்தை நிரப்பினார்கள்.

முன்னால் ஓடிய ஐந்து பேரின் வரிசை அதைவிட வேடிக்கை. காற்றைக் கிழிக்க வேண்டுமென்றால் யாருக்கும் முதலில் தோன்றுவது அம்பு முனை. மொன்சாவில் அப்படித்தான் ஓடினார்கள். வியன்னாவில் அதைத் தலைகீழாக்கிவிட்டார்கள். கவணுக்கு வெட்டும் கவட்டைக் குச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிளைகளும் முன்னோக்கி விரிந்திருக்கின்றன, அவை சேரும் இடத்தில் ஒருவர், அவருக்குப் பின்னால் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் கிப்சோகே. நான் இதைப் புரிந்துகொள்வது இப்படி: விரிந்த கவட்டைக்குள் வரும் காற்று வெளியே போக வழியில்லாமல் தேங்குகிறது. தேங்கிய காற்றே ஒரு மண் கரை போல நின்று, அடுத்து வரும் காற்றை இரண்டு பக்கமும் அகலமாகத் திருப்பிவிடுகிறது. அம்பு காற்றைப் பிளந்து விலாவை உரசிக்கொண்டே போக விடும். கவட்டை அதை விலாவுக்கு எட்டாத தூரத்தில் சுற்றி அனுப்புகிறது. கணினியில் பல வரிசைகளை ஓடவிட்டுப் பார்த்துத்தான் இதைத் தேர்ந்தார்கள். முன்னால் ஒரு கார், சாலையில் லேசர் கோடு அடித்து ஒவ்வொருவரும் நிற்க வேண்டிய இடத்தைக் காட்டிக்கொண்டே போனது. காற்றை வாங்கிக்கொள்பவர்கள் களைத்துப் போவார்கள் என்பதால் மொத்தம் 41 பேர், முறை மாற்றி மாற்றி.

இத்தனைக்கும் பிறகு, மொன்சாவைவிடக் கிடைத்த லாபம் 45 வினாடி. 0.6 சதவீதம். அதிலும் காற்றுக்கு எவ்வளவு, புதிய காலணிக்கு எவ்வளவு, அன்றைய குளிர்ந்த காலைக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. 2023-ல் இன்னொரு கென்யர், கெல்வின் கிப்டம், சிகாகோவில் முறையான போட்டியில் 2:00:35 ஓடினார். கவட்டையும் இல்லை, லேசரும் இல்லை. கடைசிக் கட்டத்தில் அவருக்கு முன்னால் காற்றை வாங்கிக்கொள்ள ஆளே இல்லை. இரண்டாம் பாதியை 59:47-ல் முடித்தார். அடுத்த பிப்ரவரியில் கார் விபத்தில் இறந்துபோனார், 24 வயது. அந்த ஓட்டத்தை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கனக்கும்.

பின்னால் ஓடுவதன் லாபத்தை முதலில் அளந்தவர் கிரிஃபித் பியூ. 1953-ல் ஹிலாரியும் டென்சிங்கும் எவரெஸ்ட் ஏறிய குழுவில் உடலியல் அறிஞராகப் போனவர் அவர்தான். 1971-ல் அவர் வெளியிட்ட ஆய்வில் இருந்தது காற்றடிக்கும் ஓர் அறை, ஒரு டிரெட்மில், மூச்சை அளக்கும் கருவி. ஒருவருக்கு ஒரு மீட்டர் பின்னால் ஓடும்போது, நடுத்தூர ஓட்ட வேகத்தில், ஆக்சிஜன் செலவு 6.5 சதவீதம் குறைந்தது. மறைவில் ஓட வைத்துப் பார்த்தது ஒரே ஓர் ஓட்டக்காரரை. அரை நூற்றாண்டாக உலகம் அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

நம்மிடம் ஐஐடிகளில் காற்றுச் சுரங்கங்கள், அதாவது காற்றை வீசவிட்டுப் பொருள்களைச் சோதிக்கும் கூடங்கள், இருக்கின்றன. கான்பூரில் தேசிய அளவிலான ஒன்றே இருக்கிறது. விமானமும் கட்டட மாதிரியும் அதில் நிற்கின்றன. நம் ஓட்டக்காரரை எத்தனை முறை நிறுத்திப் பார்த்திருக்கிறோம்? 1978-ல் ஷிவ்நாத் சிங் ஜலந்தரில் ஓடிய 2:12:00 என்ற இந்தியச் சாதனையை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் யாராலும் தொட முடியவில்லை. பதக்கம் வாங்கிய பிறகு கோடி கொடுக்கிறோம், சந்தோஷம். அதில் ஒரு சிறு பங்கு முன்கூட்டியே ஆய்வுக்குப் போனால் என்ன என்பது என் நெடுநாள் புலம்பல்.

நண்பர் இன்னொன்றும் சொன்னார். பிள்ளைகளில் பாதிப் பேர் போட்டிக்கு முன் கணுக்காலில் மந்திரித்த கறுப்புக் கயிறு கட்டிக்கொள்கிறார்களாம். கயிற்றால் நேரம் குறையாது, கூடவும் செய்யாது. ஆனால் பெரிய அண்ணனின் தொளதொள பனியனைப் போட்டுக்கொண்டு படபடவென்று ஓடுகிறார்களே, அது நிச்சயம் காற்றைப் பிடிக்கும். கயிறு இருந்துவிட்டுப் போகட்டும். பனியனை உள்ளே செருகிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அந்தப் பெண்ணுக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1500 மீட்டரை ஐந்தரை நிமிடத்தில் ஓடுகிறாள். காற்றே இல்லாத நாளில் அவளைத் தடுக்கும் விசை, அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் குறுவட்டப் போட்டிகள் நடப்பது ஆடியில். மணிக்கு 10 கி.மீ. எதிர்க்காற்று அடித்தாலே அது ஒரு கிலோவைத் தாண்டிவிடும். அதே காற்று முதுகுப் பக்கம் அடிக்கும் நேர்க்கோட்டில் கோழி முட்டை அளவுக்கு இறங்கிவிடும். எனவே எதிர்க்காற்றுப் பக்கம் யார் முதுகுக்காவது பின்னால் ஒரு மீட்டரில் ஒட்டிக்கொள்ள வேண்டும். முந்துவதை, காற்று பின்னாலிருந்து வரும் பக்கம் வைத்துக்கொள்ளலாம். அங்கே மறைவு தேவையில்லை.

இதை நண்பரிடம் போனில் சொன்னேன். அவர் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார். மறுநாள் பயிற்சியில், எதிர்க்காற்றுப் பக்கம் வந்ததும் எல்லாரும் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிய, முன்னால் ஓட ஆளில்லாமல் எல்லாரும் நடக்க ஆரம்பித்துவிட்டார்களாம்.