தெரபிஸ்ட்: ஆலோசகரா, ஆற்றுப்படுத்துநரா?

என் சித்தி மகள் மனநல ஆலோசகர் ஒருவருடனான முதல் சந்திப்பை முடித்துக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள். "அண்ணா, ஐம்பது நிமிடம் நான்தான் பேசினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நடுவில் இரண்டு மூன்று கேள்விகள், அவ்வளவுதான். கடைசிவரை ஓர் ஆலோசனைகூடச் சொல்லவில்லை. வெளியே பலகையில் ஆலோசகர் என்றுதானே எழுதியிருக்கிறது?"

அவள் கேட்டது நியாயம். நிதி ஆலோசகரிடம் போனால் இந்தக் கடனை வாங்கு, அதை வாங்காதே என்று சொல்லிவிடுகிறார். சட்ட ஆலோசகர் வழக்கு நிற்குமா நிற்காதா என்று சொல்லிவிடுகிறார். கணவனோடு சேர்ந்து இருப்பதா, பிரிவதா என்ற கேள்வியைச் சுமந்துகொண்டு மனநல ஆலோசகரிடம் போனவளுக்கு மட்டும் கேள்விக்குப் பதில் இன்னொரு கேள்வி என்றால் எரிச்சல் வராதா? அந்த மனிதர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார். பழியைப் பலகையில் இருந்த சொல்லின் மீதுதான் போடவேண்டும். மொழிபெயர்ப்பு என் தொழில் என்பதால் அந்தப் பழியில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. 'ஆலோசகர்' என்று நானே பல படிவங்களில் எழுதியிருக்கிறேன்.

முதலில் மூலச்சொல்லைப் பார்ப்போம். 'தெரபி' கிரேக்கத்திலிருந்து வந்தது. அங்கே 'தெரப்பேயா' என்றால் பணிவிடை, பராமரிப்பு. தெய்வத்துக்குச் செய்யும் தொண்டுக்கும் அதே சொல், நோயாளியைக் கவனித்துக்கொள்வதற்கும் அதே சொல். அதன் வேரில் 'தெரப்போன்' என்று ஓர் ஆள் நிற்கிறான். வீரனின் கூடவே இருக்கும் துணைவன், உதவியாள். பண்டைய கிரேக்கத்தின் இலியட் காவியத்தில் அக்கில்லிஸ் என்ற வீரனின் தெரப்போன் பெட்ரோக்ளஸ். அம்பு தைத்து நொண்டி வரும் யூரிபிலஸ் என்ற வீரனை அவன் கூடாரத்துக்குத் தாங்கிக் கொண்டுபோய், அம்பை அறுத்தெடுத்து, வெந்நீரால் கழுவி, கசப்பு வேர் ஒன்றைக் கசக்கி வைக்கிறான். கதை வேறெங்கோ சுற்றிவிட்டு மறுபடி அந்தக் கூடாரத்துக்கு வரும்போது பெட்ரோக்ளஸ் இன்னும் காயத்துக்கு மருந்திட்டபடி அங்கேயே உட்கார்ந்திருக்கிறான். இடைவிடாமல் பேசி அவனுக்கு ஆறுதல் தந்துகொண்டும் இருக்கிறான். தெரபிஸ்ட் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது. அவன் மருத்துவன் அல்லன். பக்கத்தில் இருப்பவன்.

நமக்கும் அப்படி ஓர் ஆள் உண்டு. திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள், 950ஆவது, மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறது: உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான். நோய் உற்றவன் நோயாளி, தீர்ப்பவன் மருத்துவன். நான்காமவனைத்தான் நாம் மறந்துவிட்டோம். உழை என்றால் பக்கம், அருகு. உழைச்செல்வான், பக்கத்தில் நின்று பணிவிடை செய்பவன். கிரேக்கத் தெரப்போனுக்கு நேர்ச்சொல் தேடினால் இதுதான் கிடைக்கும். இன்று இதைப் பலகையில் எழுதினால் யாருக்கும் விளங்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சொல் என் மேசை நாட்குறிப்பில் இருக்கிறது.

பேச்சையே மருந்தாகக் கொள்ளும் இன்றைய தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவானது. வியன்னாவில் மருத்துவர் யோசெஃப் பிராயர் 1880 முதல் 1882 வரை ஓர் இளம்பெண்ணுக்குச் சிகிச்சை அளித்தார். அவர் பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம். பிராயரும், பின்னாளில் உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃப்ராய்டும் 1895இல் வெளியிட்ட நூலில் 'அன்னா ஓ.' என்ற மறைபெயரில் வருகிறார். மனத்தில் கிடந்ததைச் சொல்லச் சொல்ல அறிகுறிகள் தணிவதைக் கண்டு, 'பேச்சுச் சிகிச்சை' என்று அதற்குப் பெயர் வைத்தவர் அந்தப் பெண்தான். விளையாட்டாகப் 'புகைபோக்கி துடைப்பது' என்றும் சொன்னாராம். தொழிலின் மிகப் பழகிய பெயரை வைத்தது சிகிச்சை பெற்றவர் என்பதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?

இனித் தமிழுக்கு வருவோம். இங்கே சொற்களுக்குப் பஞ்சமில்லை, நெரிசல்தான். மனநல ஆலோசகர், உளவள ஆலோசகர், உளச்சிகிச்சையாளர், ஆற்றுப்படுத்துநர் என்று தமிழ்நாட்டு அச்சில் பார்க்கலாம். இலங்கைத் தமிழில் உளவளத்துணையாளர் என்பது நன்றாக வேரூன்றிய சொல். இந்தத் தொழிலைச் சீர்மியம் என்றும் அங்கே வழங்குகிறார்கள். பேச்சில் எல்லாரும் கவுன்சலர் என்றோ தெரபிஸ்ட் என்றோ சொல்லிவிட்டுப் போகிறார்கள். வெறுமனே தெரபிஸ்ட் என்றால், முழங்கால் வலிக்குப் பயிற்சி தருபவர் என்று நினைத்துக்கொள்ளும் பெரியவர்களும் உண்டு. பிசியோதெரபிஸ்ட் நமக்கு முதலில் அறிமுகமாகிவிட்டார், அதனால் வந்த குழப்பம்.

'ஆலோசனை'யிலிருந்து தொடங்குகிறேன். வடமொழியில் இதன் வேருக்குப் பார்த்தல் என்று பொருள். கண்ணைக் குறிக்கும் 'லோசனம்' அதே குடும்பம். ஆலோசனை என்றால் உற்றுப் பார்த்தல், எண்ணிப் பார்த்தல். "ஆலோசித்துச் சொல்கிறேன்" என்று நாம் சொல்லும்போது இந்தப் பழைய பொருள் உயிரோடுதான் இருக்கிறது. பெயர்ச்சொல்லாக நிற்கும்போது அது யோசனை சொல்வதாக, பிறகு அறிவுரையாகவே தேய்ந்துவிட்டது. அறிவுரை தருவதற்குக் கட்டணம் வாங்கும் ஆள் நமக்கு எதற்கு? அதை இலவசமாகத் தருவதற்கு உறவினர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

'சிகிச்சை'யும் வடமொழிதான். அறிதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து, அறிய விரும்புதல் என்ற வடிவில் பிறந்த சொல். மருந்து கொடுப்பதற்கு முன் அறிய விரும்ப வேண்டும் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. உளச்சிகிச்சையாளர் என்பது சைக்கோதெரபிஸ்ட் என்பதற்குத் துல்லியமான சொல் என்றே நினைக்கிறேன். அதில் ஒரே சிக்கல், அது கேட்பவரை நோயாளி ஆக்கிவிடுகிறது. மாமியாரோடு பேச்சுவார்த்தை அற்றுப்போன ஒருவருக்கு, ஆண்டுக்கணக்கில் வேலையில் ஒட்டாத ஒருவருக்கு, எந்த நோய்? அவருக்குச் சிக்கல் இருக்கிறது, நோய் இல்லை.

'ஆற்றுப்படுத்துதல்' என்ற சொல்லில்தான் எனக்கு ஆசை. தமிழில் ஆறு என்றால் வழி. ஆற்றுப்படை என்பது, பரிசில் பெற்றுத் திரும்பும் பாணனோ கூத்தனோ வழியில் தன்னைப் போன்ற ஒரு வறியவனைக் கண்டு, "நான் பெற்றேன், நீயும் போ, இந்த வழியாகப் போ" என்று சொல்லி அனுப்புவது. பத்துப்பாட்டில் பாதி, அதாவது ஐந்து பாட்டுகள், இந்த வகை. இலக்கணப்படி இந்தச் சொல்லில் இருப்பது வழி என்ற ஆறு மட்டும்தான். ஆனால் காதில் விழும்போது இன்னோர் ஆறும் ஒலிக்கிறது: புண் ஆறுகிறது, சூடு ஆறுகிறது, இளைப்பாறுகிறோம், ஆறுதல் அடைகிறோம். தலைவனைப் பிரிந்த தலைவியின் துயருக்குச் சங்கப் பாடல்களின் துறைக்குறிப்புகள் (பாடலின் சூழலைச் சொல்லும் குறிப்புகள்) தரும் பெயர் ஆற்றாமை. அவளை ஆற்றுவிக்கும் வேலை தோழியுடையது. வழிகாட்டுவதும் தணிப்பதும் ஒரே ஒலியில் சேர்ந்துகொள்வது தற்செயல்தான். அந்தத் தற்செயலை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

'உசாத்துணை' என்று இன்னொரு சொல்லும் இருந்தது. உசாவுதல் என்றால் கேட்டறிதல், கலந்து பேசுதல். அதற்குரிய துணை உசாத்துணை. அருமையான பொருத்தம். ஆனால் அது இப்போது மேற்கோள் நூல்களின் பட்டியலுக்குத் தலைப்பாகப் போய் உட்கார்ந்துவிட்டது, எழுப்ப முடியாது.

சேவை நாடி வருபவரை என்னவென்று அழைப்பது என்பதில் எனக்கு ஒரு முழு மாலை போனது. பதிவுப் படிவம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். முதல் வரியிலேயே 'கிளையன்ட்' பெயர் கேட்டிருந்தது. கட்சிக்காரர் என்று எழுதினேன். நீதிமன்ற வாசனை வந்தது. வாடிக்கையாளர் என்றேன், கடை. பயனாளி என்றால் அரசு நலத்திட்டம். நோயாளி என்று எழுத முடியாது, ஏனென்றால் அந்தச் சொல்லைத் தவிர்ப்பதற்காகவே அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் 1940களில் கிளையன்ட் என்பதை இத்துறையில் பரவச் செய்தார். இத்தனைக்கும் பழைய ரோமில் கிளையன்ட் என்பவர் செல்வர் ஒருவரின் நிழலில் அண்டி வாழ்ந்தவர், கிட்டத்தட்ட நம் பாணர் மாதிரி. கடைசியில் 'துணை நாடுபவர்' என்று எழுதி அனுப்பினேன். திருத்தம் எதுவும் திரும்பி வரவில்லை.

உறவுச் சிக்கல்களுக்கான இணையர் சிகிச்சைக்கு வேறு ஒரு பழைய சொல் நினைவுக்கு வருகிறது: வாயில். ஊடல் கொண்ட கணவன் மனைவிக்கு இடையே போய்ப் பேசுபவர்களைத் தொல்காப்பியம் அப்படித்தான் அழைக்கிறது. தோழி, தாய், பாங்கன், பாணன், விருந்தினர், அறிவர், கண்டோர் என்று அதன் கற்பியல் என்ற பகுதியில் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். வழியில் சும்மா பார்த்தவரைக்கூடச் சேர்த்திருக்கிறார்கள்! ஆனால் பாணன் பெரும்பாலும் தலைவனுக்காகப் பேச வருபவன், அதனால்தான் தலைவி அவனை வாசலோடு திருப்பி அனுப்புகிறாள்; வாயில் மறுத்தல் என்று அதற்குத் துறையே இருக்கிறது. இன்றைய இணையர் சிகிச்சையாளர் யார் பக்கமும் பேசக்கூடாது. அவருக்கு எதிரே இருப்பது கணவனும் அல்ல, மனைவியும் அல்ல, இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும் அந்த உறவு. ஒரு விலக்கு உண்டு: அடியோ மிரட்டலோ இருக்கும் வீட்டுக்குக் கூட்டுச் சந்திப்பு முதல் மருந்தாகாது. பக்கத்தில் அடிப்பவர் உட்கார்ந்திருக்க, யார் உண்மையைப் பேசுவார்கள்? அங்கே பாதுகாப்புதான் முதலில்.

இந்தச் சொல்லாராய்ச்சி ஆள் தேடும்போதும் கைகொடுக்கும். மருந்து எழுதித் தருபவர் மனநல மருத்துவர். அவர் மருத்துவப் படிப்பு முடித்தவர். உளவியலாளர் மனத்தைப் பற்றிப் படித்தவர், பொதுவாக மருந்து எழுதமாட்டார். ஆற்றுப்படுத்துநர் என்றும் தெரபிஸ்ட் என்றும் பலகை வைத்திருப்பவர் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதுதான் சிக்கல். ஜெர்மனியில் 1999 முதல் உளச்சிகிச்சையாளர் என்ற பட்டத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. பிரிட்டனில் அந்தப் பெயருக்கும் கவுன்சலர் என்ற பெயருக்கும் அப்படிப் பாதுகாப்பு இல்லை. ஆகவே பலகையை நம்பாமல், தொலைபேசியிலேயே கேட்டுவிடுவது நல்லது. எங்கே பயின்றீர்கள், எந்த அமைப்பில் பதிவு செய்திருக்கிறீர்கள், என் மாதிரிச் சிக்கலோடு வருபவர்களைப் பார்த்த அனுபவம் உண்டா, நான் சொல்வது எந்தச் சூழலில் வெளியே போகும்? உயிருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகள் இருக்கும்; நேர்மையானவர் அவற்றைத் தயங்காமல் சொல்லிவிடுவார். இதற்கெல்லாம் கோபித்துக்கொள்பவரிடம் போக வேண்டாம். "மூன்றே சந்திப்பில் தீர்த்துவிடுகிறேன்" என்று வாக்களிப்பவரிடமும்.

அருகில் இருப்பவராக இருந்தால் வாரந்தோறும் போய்வரச் சுலபம். ரொம்பவும் அருகில் என்றால், உங்கள் உறவினரின் நண்பராகவோ பிள்ளையின் ஆசிரியருக்குத் தெரிந்தவராகவோ இருந்துவிடுவார். இரண்டு பேருந்து மாறிப் போகும் தூரம் சிலருக்கு நிம்மதியான தூரம்.

எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979இல், எந்த வகைச் சிகிச்சையானாலும் இருவரின் கூட்டு மூன்றில் நிற்கிறது என்று எழுதினார். எதை நோக்கிப் போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையே ஒரு பிணைப்பு. சித்தி மகளிடம் இதைச் சொல்லி, "அடுத்த முறை போனதும், நான் எதற்கு வந்திருக்கிறேன், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று நேராகவே கேள்" என்றேன். கேட்டாளாம். அந்தச் சந்திப்பு முழுவதும் அதிலேயே போயிற்று என்றாள். இந்த முறை குரலில் கோபம் இல்லை.

இப்போது ஏழு மாதமாகப் போய்வருகிறாள். சேர்ந்து இருப்பதா பிரிவதா என்பதை இன்னும் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. போன மாதம் அவளுடைய நெருங்கிய தோழி ஒருத்தி தன் வீட்டுப் பிரச்சினையைச் சொல்லி அழுதிருக்கிறாள். இவள் உடனே, "என் ஆளிடம் போ, நான் வழி சொல்கிறேன்" என்று எண்ணைக் கொடுத்துவிட்டாள். அந்தத் தோழி அழைத்தபோது, அந்த ஆலோசகர், ஏற்கெனவே தன்னிடம் வரும் ஒருவருக்கு இவ்வளவு நெருங்கியவரைத் தான் பார்ப்பது இருவருக்கும் நல்லதல்ல என்று சொல்லி, வேறு இரண்டு பேரின் பெயரைக் கொடுத்து அனுப்பினாராம்.