இரைச்சலை நிறுத்த எர்த் பின்னை அறுக்காதீர்கள்

சர்வீஸுக்கு வந்த இன்னொரு ஆம்ப்ளிஃபயரிலும் பிளக்கின் எர்த் பின் இல்லை. ஹாக்ஸா பிளேடால் அடியோடு அறுத்து, கையைக் கிழிக்காமல் இருக்க அரம் வேறு போட்டிருக்கிறார்கள். கேட்டால் அதே பதில்தான்: "புதுசா டேக் (DAC, டிஜிட்டல் சிக்னலை மாற்றித் தரும் பெட்டி) வாங்கி மாட்டினோம் சார், ஒரே இரைச்சல். எர்த்தை எடுத்தா நின்னுடும்னு சொன்னாங்க. எடுத்தோம், நின்னுடுச்சு."

ஆமாம், நிற்கும். நின்றுவிடுவதால்தான் இந்தப் பழக்கம் ஒருவரைப் பார்த்து ஒருவருக்குப் பரவிக்கொண்டே இருக்கிறது.

டிவி, லேப்டாப்பில் பாட்டு கேட்பவர்கள் வெளியே தனியாக ஒரு டேக் வைப்பது நல்ல விஷயம். எண்களாக வரும் டிஜிட்டல் சிக்னலை ஆம்ப்ளிஃபயருக்குப் புரியும் அனலாக் மின் அலையாக ஆக்கும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். நானும் பலருக்கு வாங்கச் சொல்கிறேன். கோளாறு டேக்கில் இல்லை, அதை இணைக்கும் விதத்தில் இருக்கிறது.

எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. எர்த்தை எடுத்ததும் இரைச்சல் நின்றது, அதனால் இரைச்சல் எர்த்திலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறார்கள். அப்படியே இல்லை. ஆம்ப்ளிஃபயர் அதன் பிளக் வழியாக எர்த்தைத் தொடுகிறது. லேப்டாப் தன் சார்ஜர் வழியாகத் தொடுகிறது. டிவியில் கேபிள்காரர் இழுத்துவிட்ட வயர் வேறு எங்கோ தொடுகிறது. இவை எல்லாவற்றையும், ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டைக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. வயரின் வெளிப்பக்க ஷீல்டு (உள்வயரைச் சுற்றியிருக்கும் உலோக உறை) ஒன்றாகக் கட்டிப்போடுகிறது. எர்த்துக்கு இரண்டு மூன்று பாதைகள் உருவானதும் அவற்றுக்கு இடையே ஒரு சின்ன மின்சாரம் சுற்ற ஆரம்பிக்கிறது. பாட்டு திரும்பிப் போகும் அதே ஷீல்டில் இதுவும் ஓடுவதால் 50 ஹெர்ட்ஸ் சத்தமாகக் காதில் விழுகிறது. கோளாறு அந்தச் சுற்றில். சுற்றை எங்கே வெட்டினாலும் இரைச்சல் நிற்கும். சிக்னல் வயர் பக்கம் வெட்டுங்கள் என்கிறேன், நீங்கள் உயிரைக் காக்கும் வயரை வெட்டுகிறீர்கள்.

எர்த் இருந்தால், உள்ளே இன்சுலேஷன் போய் 230 வோல்ட் ஆம்ப்ளிஃபயரின் உலோகப் பாடியைத் தொட்ட உடனே அது எர்த்துக்கு ஓடும். ஃப்யூஸ் போகும் அல்லது ஆர்.சி.சி.பி. (மின் கசிவைக் கண்டதும் கரண்டை நிறுத்தும் ஸ்விட்ச்) விழும். எர்த் இல்லையென்றால் எதுவும் நடக்காது. யாராவது கை வைக்கும் வரை அந்த 230 வோல்ட் பாடியில் அப்படியே காத்திருக்கும். "எங்க வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கு சார்" என்கிறார்கள். இருக்கட்டும். அது விழ வேண்டுமானால் மின்சாரம் முதலில் உங்கள் உடம்பு வழியாகப் போக வேண்டும்.

டேக் சேர்ந்ததும் விஷயம் இன்னும் மோசமாகிறது. ஆம்ப்ளிஃபயர் பாடியில் வந்த கரண்ட் ஆர்.சி.ஏ. ஷீல்டில் ஏறி டேக்குக்கும், யூ.எஸ்.பி. வயர் வழியாக மடியில் இருக்கும் லேப்டாப்புக்கும் வரும். லேப்டாப் சார்ஜரில் எர்த் இருந்தால் மொத்த மின்சாரமும் அந்த மெல்லிய ஷீல்டு வழியாகத்தான் எர்த்துக்குப் போகும். டேக், லேப்டாப் இரண்டும் கருகலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஷட்டர் வைத்த சாக்கெட் பலவற்றில் எர்த் பின் நுழைந்தால்தான் கீழ்த் துளைகள் திறக்கும். பின்னை அறுத்தவர்கள் பேனா மூடியையோ ஸ்க்ரூடிரைவரையோ நுழைத்துத் திறக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

(சில ஆம்ப்ளிஃபயர்கள் கம்பெனியிலிருந்தே டூ பின்னோடு வரும். பின்பக்கம் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டை இன்சுலேஷன். அதற்கு எர்த் தேவையில்லை, பயப்பட வேண்டாம்.)

சரி, இரைச்சலை எப்படி நிறுத்துவது? முதலில் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடுங்கள். பல வீடுகளில் இதிலேயே பாதி குறைந்துவிடும். அப்புறம் லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். டிவி என்றால் கேபிள் வயரைக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியதும் அமைதியாகிறதோ அங்கேதான் சுற்று இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரை அணைத்து ஆர்.சி.ஏ. வயரையே கழற்றிவிட்டு, வயர் இல்லாமல் மறுபடி ஆன் செய்த பிறகும் இரைந்தால் அது ஆம்ப்ளிஃபயரின் சொந்தக் கோளாறு, சர்வீஸுக்குக் கொண்டு வாருங்கள்.

டிவியிலிருந்து டேக்குக்கு ஆப்டிகல் வயர் போடுங்கள். அதில் போவது வெளிச்சம், மின் தொடர்பே கிடையாது. தோஷிபா 1983-இல் கொண்டுவந்த அந்த வயர் இன்றைக்கும் இந்த வேலைக்கு அருமையாக இருக்கிறது. பிறகு ஏன் எல்லோரும் அதை விட்டுவிட்டு ஆர்.சி.ஏ.வுக்கே திரும்புகிறார்கள்? "ஆப்டிகல் போட்டேன், சத்தமே வரலை." டிவியின் ஆடியோ செட்டிங்ஸில் டிஜிட்டல் அவுட்புட் டால்பியிலோ ஆட்டோவிலோ இருக்கும். பாட்டுக்கென்று வரும் டேக் பெரும்பாலும் பி.சி.எம். (சுருக்காத சாதா டிஜிட்டல் ஒலி) மட்டும்தான் புரிந்துகொள்ளும். பி.சி.எம். என்று மாற்றுங்கள், வந்துவிடும். வயரின் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியையும் கழற்றுங்கள், அதோடு சொருகிவிட்டு வருபவர்கள் உண்டு. பல டிவிகளில் ஆப்டிகல் போட்டால் டிவி ரிமோட்டில் வால்யூம் மாறாது. அதனால் ஆம்ப்ளிஃபயர் வால்யூமை முழுக்கக் குறைத்துவிட்டு ஆன் செய்யுங்கள்.

லேப்டாப்புக்கு, டேட்டாவை மட்டும் விட்டு மின் தொடர்பைத் துண்டிக்கும் யூ.எஸ்.பி. ஐசோலேட்டர் இருக்கிறது. மலிவானவை நொடிக்கு 12 மெகாபிட் வேகத்தோடு நின்றுவிடும். 44.1 கிலோஹெர்ட்ஸ் சி.டி. தரத்துக்கு அது போதும், ஆனால் அந்த வேகத்தில் உங்கள் டேக் வேலை செய்யுமா என்று கேட்டு வாங்குங்கள். கேபிள் வயரில்தான் சுற்று என்றால் அந்த வயருக்கே ஐசோலேட்டர் வாங்கலாம்.

டேக்கை ஃபோனோ என்று எழுதிய இன்புட்டில் சொருகாதீர்கள். அது ரெக்கார்டு பிளேயரின் சில மில்லிவோல்ட்டுக்காக வைத்தது. டேக் தருவது 2 வோல்ட் அளவு.

ஏற்கெனவே பின்னை அறுத்தவர்கள் இன்றே புது த்ரீ பின் பிளக் போட்டுவிடுங்கள். ஆம்ப்ளிஃபயர் பாடியைத் தொட்டால் சுர்ரென்று இருந்தால், பிளக் சரியாக இருந்தாலும் வீட்டில் எர்த் வேலை செய்யவில்லை என்று சந்தேகப்படுங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியைப் பார்க்கச் சொல்லுங்கள். கரியும் உப்பும் போட்ட பழைய குழி என்றால் கோடையில் மண் காய்ந்து எர்த் பலவீனமாகிவிடும், தண்ணீர் ஊற்ற வேண்டும். அதைச் சரிசெய்யும் வரை பிளக்கைக் கழற்றியே வையுங்கள்.