வேல்ஸ் நிலக்கிழார்களின் கொடிவழி: நிலத்தைப் பிடித்து ஏறும் வழி

வேல்ஸின் வடகிழக்குக் கடலோரம், ஃபிளின்ட்ஷயரில் மோஸ்டின் என்றொரு மாளிகை இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அதன் உரிமையாளர் பெயர் தாமஸ் அப் ரிச்சர்ட் அப் ஹவெல் அப் யேயன் வஹன். ‘அப்’ என்றால் மகன். பெயரைச் சொன்னாலே கொள்ளுத்தாத்தா வரை வந்துவிடுகிறார்கள். ஆனால் அந்தத் தாமஸ் பிறகு தாமஸ் மோஸ்டின் ஆனார். சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

‘மோஸ்டின்’ என்ற பெயரை வைத்து ஆண்வழியைத் தேடினால் வேறொரு குடும்பத்துக்குள் போய் நிற்போம். மோஸ்டின் வீடு இவர்கள் ஆண்வழிச் சொத்தே இல்லை. லாங்கோலன் அருகே பெங்வெர்ன் என்ற ஊரைச் சேர்ந்த யேயன் வஹன், மோஸ்டினின் வாரிசான அங்காரத் என்ற பெண்ணை மணந்ததால் வந்தது. அவர்கள் மகன் ஹவெல், குளோதைத் என்ற இடத்தின் வாரிசான மார்கரெட்டை மணந்தார். அந்த நிலமும் சேர்ந்தது. மூன்று தலைமுறை கழித்து நிலைத்த குடும்பப் பெயர், கொள்ளுப்பாட்டி கொண்டுவந்த வீட்டின் பெயர்.

நமக்கு இது விளங்காத முறையல்ல. அப்பா பெயரின் முதலெழுத்தைத் தன் பெயருக்கு முன் போடும் ஊரில் பேரனுக்கும் தாத்தாவுக்கும் பொது இனிஷியல் இருப்பதில்லை. வேல்ஸிலும் தலைமுறைக்குத் தலைமுறை பெயரின் வால் மாறியது. மகளுக்கு ‘அப்’ இல்லை, ‘வெர்க்’. 1536, 1543 சட்டங்கள் வேல்ஸை ஆங்கிலச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்த காலத்தில்தான் பெரிய குடும்பங்கள் நிலையான குடும்பப் பெயருக்கு மாறத் தொடங்கின. சிலர் அப்பா பெயரை அப்படியே உறைய வைத்தார்கள்: அப் ஹவெல் பவல் ஆயிற்று, அப் ரீஸ் பிரைஸ், அப் ஹாரி பாரி, அப் ஓவன் போவன். சிலர் பட்டப்பெயரை வைத்துக்கொண்டார்கள்: நரைத்தவர் என்ற பொருளுள்ள ‘லூயித்’ லாய்ட் ஆனது. சிலர் இடப்பெயரை எடுத்தார்கள். 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேலின் குடும்பப் பெயர்கூட டென்பிஷயரில் உள்ள யால் என்ற பகுதியின் பெயர்தான்.

உறையும் இடம் எதுவென்பது தற்செயல். இங்கிலாந்தை ஆண்ட ட்யூடர் வம்சத்தின் மூலவர் ஓவைன் அப் மரெடித் அப் ட்யூடர். அப்பா பெயர் உறைந்திருந்தால் எட்டாம் ஹென்றி மெரெடித் வம்சத்தவர். தாத்தா பெயர் உறைந்தது, ட்யூடர் ஆனார்.

ஆகவே பெயரை நம்பி ஏற முடியாது. நிலத்தை நம்பலாம். இன்ன பண்ணை, இன்ன ஊர்ப்பகுதி இந்த ஆண்டில் யார் கையில் இருந்தது, அதற்கு முன் யார் கையில், எந்த உரிமையில் அவருக்கு வந்தது என்று பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

முதல் படி 1836 சட்டத்தின்படி தயாரான தசமவரி வரைபடங்கள். தசமவரி என்பது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்குக் கொடுப்பது. ஒவ்வொரு வயலுக்கும் எண், பெயர், பரப்பு, உரிமையாளர், குத்தகையாளர் எல்லாம் அட்டவணையில் உண்டு. அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகம் இவற்றை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. பண்ணைகளின் பெயர்களை முதலில் இதிலிருந்து பட்டியலிடுங்கள். எழுத்துக்கூட்டல் மாறினாலும் பண்ணைப் பெயர் நூற்றாண்டுகள் தாங்கும்.

அடுத்தது குடும்பப் பத்திரங்கள். இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும், பலனும் இங்கேதான் அதிகம். மோஸ்டின் ஆவணங்களில் பெரும்பகுதி பாங்கர் பல்கலைக்கழகக் காப்பகத்தில் இருக்கிறது. எல்லாவற்றிலும் மதிப்பு வாய்ந்தது திருமண ஒப்பந்தப் பத்திரம். மணமகன், அவர் தந்தை, மணமகள், அவள் தந்தை, பொறுப்பாளர்கள் என எல்லோர் பெயரும் அதில் வரும். எந்த நிலம் மூத்த மகனுக்கு, எவ்வளவு பணம் இளையவர்களுக்கு என்றும் வரும். நம் கிரயப் பத்திரங்களில் தாய்ப்பத்திர விவரம் எழுதுவதுபோல, முன்னுரையில் பழைய ஒப்பந்தங்களைத் தேதியோடு சொல்வார்கள். 1720-இல் எழுதிய பத்திரம் ஒன்று 1660-களின் திருமணத்தைத் தெரிவிக்கலாம். எழுதப் பதப்படுத்திய ஒரே தோலில் இரண்டு பிரதி எழுதி, நடுவே வளைவு வளைவாக வெட்டி ஆளுக்கொன்று கொடுப்பது வழக்கம். நம் குடும்பத்துப் பிரதி அழிந்திருந்தால் மணமகள் குடும்பத்துக் காப்பகத்தில் மறுபாதியைத் தேடலாம். 1858 தீயில் வின்ஸ்டே மாளிகையின் நூலகமே எரிந்துபோனது. அப்படிப்பட்ட இழப்புகளில் இந்த மறுபாதிதான் கைகொடுக்கும்.

இன்னும் பழைய காலத்தில் ‘பிரித்’ என்ற பத்திரங்கள் வரும். வேல்ஸ் பழஞ்சட்டப்படி பரம்பரை நிலத்தை உறவுக்கு வெளியே விற்க முடியாது. அதனால் நான்காண்டுத் தவணைக்கு ஒத்தி வைத்து, மீட்காவிட்டால் மேலும் நான்காண்டு என்று நீட்டிக்கொண்டே போனார்கள். பெருநிலங்கள் பல இப்படிச் சேர்ந்தவை. கொடுத்தவர் பெயரை வாங்கியவரின் மூதாதை என்று எண்ணிவிடக் கூடாது.

தேதி வாசிப்பதில் விழாதவர்கள் குறைவு. ‘எலிசபெத் ஆட்சியின் 12-ஆம் ஆண்டு, மார்ச் 20’ என்று ஒரு பத்திரம் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் பட்டத்துக்கு வந்தது 1558 நவம்பர் 17. எனவே 12-ஆம் ஆண்டு 1569 நவம்பர் 17 முதல் 1570 நவம்பர் 16 வரை. மார்ச் 20 விழுவது 1570-இல். ஆனால் 1751 வரை புத்தாண்டு மார்ச் 25-இல் பிறந்தது. அதே நாளில் எழுதிய தேவாலயப் பதிவேட்டில் 1569 என்றிருக்கும். இரண்டும் ஒரே நாள். இதை அறியாமல், தந்தை இறந்து ஓராண்டு கழித்து மகன் பிறந்ததாகவோ, குழந்தை பிறந்த பிறகு பெற்றோர் மணந்ததாகவோ எழுதிவைத்த கொடிவழிகள் உண்டு. குறிப்பேட்டில் 1569/70 என்று இரண்டையும் எழுதுவதே பாதுகாப்பு.

உயில்களை 1858-க்கு முன் தேவாலய நீதிமன்றங்கள் பதிந்தன. வேல்ஸ் மறைமாவட்ட உயில்கள் அதே தேசிய நூலகத்தில் கிடைக்கும்; பல மறைமாவட்டங்களில் சொத்துள்ளவர் உயிலை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், கேன்டர்பரி நீதிமன்றப் பதிவுகளில் தேடுங்கள். உயிலில் மூத்த மகன் பெயரே இல்லாமல் போகலாம். நிலம் திருமண ஒப்பந்தப்படி ஏற்கெனவே அவருக்குப் போயிருக்கும். ‘மருமகன்’ என்று நாம் வாசிக்கும் ‘சன்-இன்-லா’ (son-in-law) என்ற ஆங்கிலச் சொல் அக்காலத்தில் மனைவியின் முதல் கணவர் மகனையும் குறித்தது.

மான்மத்ஷயர் நீங்கலான வேல்ஸில் 1830 வரை இயங்கிய மகா அமர்வு நீதிமன்றப் பதிவுகளில் நில வழக்குகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் பல உண்மை வழக்குகள் அல்ல. விற்பவரும் வாங்குபவரும் கைமாற்றத்தை நீதிமன்றத்தில் பதிவதற்காகப் போட்ட நாடக வழக்குகள். குடும்பச் சண்டை என்று எண்ண வேண்டாம். 1733 வரை பதிவுகள் பெரும்பாலும் லத்தீன்; யேயன் அங்கே யோஹன்னஸ் ஆகிவிடுவார்.

1586 முதல் வேல்ஸில் குடிவழி பதிந்த லூயிஸ் டன் போன்றவர்களின் ஏடுகளை இதற்குப் பிறகே திறக்க வேண்டும். வீட்டுக்காரரிடம் நேரில் கேட்டு எழுதிய கடைசி மூன்று நான்கு தலைமுறைகள் உறுதியானவை. அதற்கு மேல் பழைய ஏடுகளிலிருந்து படியெடுத்தவை. ‘வஹன்’ என்ற சொல் அங்கே அடிக்கடி இடறும். அது பெரும்பாலும் ‘சின்னவர்’, அதாவது அதே பெயருள்ள தந்தையின் மகன். யேயன் வஹனின் தந்தையும் யேயன்தான், யேயன் அப் ஆதா. ஆக, தாமஸின் நீண்ட பெயரில் இருப்பது நான்கு தலைமுறை அல்ல, ஐந்து. படியெடுத்தவர் ‘வஹன்’ஐ விட்டுவிட்டால் ஒரு தலைமுறை காணாமல் போகும்.

சோதிக்க ஒரு கணக்கு: தலைமுறைக்கு 30 முதல் 33 ஆண்டு. 1150-க்கும் 1550-க்கும் இடையே 12, 13 பேர் வர வேண்டும். 8 பேர்தான் என்றால் யாரோ விடுபட்டிருக்கிறார்; 18 என்றால் அண்ணன் தம்பியைத் தந்தை மகனாக அடுக்கியிருக்கிறார்கள். கணக்கு சரிவந்தாலும் வெளிச் சான்று வேண்டும். டென்பி ஆட்சிப்பகுதிக்கு 1334-இல் எடுத்த நில அளவைக் கணக்கு இருக்கிறது. ஊர் ஊராக, குலம் குலமாக, நிலம் வைத்திருந்தவர்களைத் தந்தை பெயரோடு சொல்கிறது. ஏட்டில் உள்ள பெயர் அந்த ஊரில், அந்தக் குலத்தில், அந்தத் தலைமுறையில் வந்தால் கொடிவழியில் அந்தக் கோடு அழுத்தமாகவே வரையலாம். வராவிட்டால் அந்த இடத்தில் புள்ளிக்கோடு போட்டு, எந்த ஏட்டிலிருந்து எடுத்தது என்று பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.