உள்ளூர்க் கணக்குதானே என்று கட்டிவிடாதீர்கள்

இந்த மாதமும் ஒருவர் ஏமாந்து வந்தார். மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் மண்டோராக (கங்காணியாக) இருந்து ஓய்வு பெற்றவர். லண்டன் வழக்கறிஞர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல்: உங்கள் குடும்பப் பெயர் கொண்ட ஒருவர் வாரிசு இல்லாமல் இறந்துவிட்டார், பல லட்சம் பவுண்டு உங்களுக்கு வரவேண்டியிருக்கிறது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அடையாள அட்டையில் இருப்பது அப்பா பெயர். அதுகூடத் தெரியாத வழக்கறிஞர்! முதலில் பத்திரச் செலவு, அப்புறம் வரி, அப்புறம் பயங்கரவாதத் தொடர்பில்லை என்று ஒரு சான்றிதழ். மூன்றுக்கும் சேமநிதிப் பணத்தைக் கட்டிவிட்டு, நாலாவதுக்குத்தான் வங்கியில் என் கவுண்டருக்கு வந்தார்.

தடுத்தால் எல்லாரும் ஒன்றையேதான் சொல்கிறார்கள். "தம்பி, நம்ம ஊர் பேங்க் கணக்குதானே, பேர்கூட வருது பாருங்க. ஏமாத்துறவன் பேரைக் காட்டுவானா?"

காட்டுவான். ஏனென்றால் அது அவன் பெயரே இல்லை. சில நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) ஏடிஎம் கார்டை வாடகைக்கு விட்ட யாரோ ஒரு பையனின் பெயர். கழுதைக் கணக்கு என்பது இதைத்தான். பணம் விழுந்த கையோடு வேறு கணக்குகளுக்குப் பிரிந்து ஓடிவிடும். போலீசுக்குப் போனால் முதலில் மாட்டுவது அந்தப் பையன்தான். கணக்குத் திறக்கும்போது நாங்கள் அடையாள அட்டையைப் பார்க்கிறோம், சரி. அந்தக் கார்டு நாளைக்கு யார் கையில் இருக்கும் என்று எந்த வங்கியும் உத்தரவாதம் தருவதில்லை. அதுவும் போகட்டும், லண்டன் சொத்துக்கு ஈப்போவில் ஒரு தனியாள் கணக்கில் எதற்குப் பணம் கட்டவேண்டும்?

(தம்பிகளா, 2024-இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். கார்டை இப்படிக் கைமாற்றுவதே இப்போது குற்றம்.)

கடிதம் தப்பும் தவறுமாக இருக்கிறதே என்று சிரிக்கவும் வேண்டாம். அபத்தமான கதைதான் அவர்களின் சல்லடை என்று மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கோர்மக் ஹெர்லி 2012-இலேயே விளக்கினார். சந்தேகப்படுகிறவர்கள் தாமாக விலகிவிடுவார்கள்; மிஞ்சுகிறவர்களிடம் மட்டும் மெனக்கெட்டால் போதும். இப்போது கணினியே பிழையில்லாமல் எழுதிக் கொடுப்பதால், நல்ல ஆங்கிலத்தையும் நம்பமுடியாது.

இத்தனை லட்சம் வைத்திருப்பவரிடம், கட்டணத்தை அதிலேயே கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சட்டத்தில் இடமில்லை என்று பதில் வந்தால் பேச்சை அத்தோடு முடியுங்கள். கணக்கு எண்மீது புகார் உண்டா என்று போலீசின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள். புகார் இல்லை என்று காட்டினால் கணக்கு சுத்தம் என்று ஆகிவிடாது. இன்னும் யாரும் புகார் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

கட்டிவிட்டீர்களா? அந்த நிமிடமே 997-க்கோ (தேசிய மோசடித் தடுப்பு மையம்) உங்கள் வங்கிக்கோ போன் அடியுங்கள், அப்புறம் போலீஸ் புகார். மின்னஞ்சல், ரசீது எதையும் அழிக்காதீர்கள். பிள்ளைகள் திட்டுவார்களே என்று ஒரு வாரம் மூடிவைக்காதீர்கள். பிள்ளைகளே, நீங்களும் தயவுசெய்து திட்டாதீர்கள். பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று இண்டர்போல் பெயரில் அடுத்த கடிதம் வரும், அதற்கும் ஒரு கட்டணம் இருக்கும். அப்பா அதையாவது உங்களிடம் காட்டவேண்டும்.